கையின் சாணும் கருவியின் அளவும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரை அடுத்து அமைந்தது சம்பூர். அவ்வூர்க் கரையில் நின்று கடலை நோக்குவார்க்கு அக்கரையில் திருகோணமலைத் துறைமுகத்தின் குன்றுகள் தோன்றும். குடாவைச் சூழ்ந்த நிலமெல்லாம் உலர்வலய நிலம். அந்நிலத்தின் காடுகளிலே பாலையும் முதிரையும் போலக் கருங்காலியும் வளர்ந்தது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலிலே, திருகோணமலைக்கு மேற்கே பரந்த சமவெளிக் காடுகளிற் கருங்காலி மிகுதியாக வளர்வதை எடுத்துக் கூறியிருக்கின்றார்.

அந்தக் கருங்காலி கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது. உலகச் சந்தைக்கு வந்த கருங்காலி வகைகளுள் இலங்கைக் கருங்காலியே மிகச் சிறந்ததென்று மதிக்கப்பட்டது. கடினமும், பளபளப்பும், பழுதற்ற கருமையும் அதன் குணங்கள். பியானோ என்னும் இசைக்கருவியைச் செய்த தச்சர்கள் அதன் கறுப்புக் கட்டைகளுக்குக் கருங்காலியையும், வெள்ளைக் கட்டைகளின் மேற்றகட்டுக்கு யானைத் தந்தத்தையும் பயன்படுத்தினர். மரமும் தந்தமும் கீழைத் தேயங்களிலும் ஆபிரிக்காவிலும் கிடைத்தன. ஆனால் ஒரு கட்டை எவ்வளவு அகலமாயிருத்தல் வேண்டும் என்னும் கணக்கு மட்டும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வகுக்கப்பட்டது. யாருடைய கையை அளந்து அந்தக் கணக்கை வகுத்தார்கள்? இந்தப் பேச்சு ஆராய்வது அவ்வினாவையே.

வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் தமது வலக்கையை ஒரு மேசையின்மீது வைத்து விரலகற்றிப் பார்க்கலாம். பெருவிரல் நுனியிலிருந்து சிறுவிரல் நுனி வரையுள்ள தூரம் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம் என்பது தமிழர் கணக்கு. மனித உடம்பை எண்சாண் உடம்பு என்று நம் முன்னோர் கூறினர். நெடியவர்க்கும் எண்சாண், குறியவர்க்கும் எண்சாண். ஏனெனில் அவரவர் உடம்பை அவரவர் கையாலேயே அளந்தார்கள். அளவுகோல் உடம்போடு பிறந்தது.

இசைக்கருவிக்கும் இம்முறையையே தமிழர் கைக்கொண்டனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், குழல் செய்தற்குரிய பொருள்களை மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தாகக் கூறுகின்றார். குழலின் நீளம் இருபது விரல். சுற்றளவு நாலரை விரல். துளைகள் ஏழினையும் மூடுவதற்கு இடக்கையிற் பெருவிரலும் சிறுவிரலும் ஒழிந்த மூன்று விரல்களையும், வலக்கையிற் பெருவிரல் ஒழிந்த நான்கு விரல்களையும் அவர் வகுத்துக் காட்டுகின்றார். விரலே அளவுகோல், விரலே வாசிக்கும் உறுப்பு. கருவியின் இலக்கணமும் கையின் இலக்கணமும் அங்கே ஒன்றாகவே பேசப்படுகின்றன.

பியானோவின் வரலாறு வேறு விதமாகச் சென்றது. இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலே பார்த்தொலோமியோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் 1700 ஆம் ஆண்டளவில் இக்கருவியை உருவாக்கினார். தந்தியைக் கொத்தி இழுத்து ஒலிப்பித்த பழைய கருவிகளுக்குப் பதிலாகச் சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டி ஒலிப்பித்தமை அவருடைய புதுமை. விரல் மெல்ல அழுத்தினால் மெல்லொலி. வன்மையாக அழுத்தினால் பேரொலி. அவர் செய்தவற்றுள் இன்றும் எஞ்சியிருக்கும் கருவிகள் ஏறத்தாழ நான்கு ஸ்தாயிகளே கொண்டவை. இன்றைய பியானோவிலோ ஏழு ஸ்தாயிக்கு மேல் உண்டு, கட்டைகள் 88.

கட்டைகளின் தொகை மட்டுமன்றி அகலமும் பெருகியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரத்துப் பியானோக்களில் ஒரு ஸ்தாயி ஏறத்தாழ 16 சதமமீற்றர் அளவினதாய் இருந்தது. விசையும் இலகுவானது, விரல் பட்ட மாத்திரத்திலே கட்டை தாழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசை அரண்மனைக் கூடத்தை விட்டுப் பெருமண்டபத்துக்கு வந்தது. ஆயிரம் பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் ஒலி சென்று எட்டவேண்டும். அதற்குத் தடித்த தந்திகள் வேண்டும். தடித்த தந்திகளின் இழுவையை மரச்சட்டம் தாங்காது. 1825 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே அல்பியஸ் பப்கொக் என்பவர் வார்ப்பிரும்புச் சட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். கருவி வலுத்தது, சுத்தியல் கனத்தது, கட்டையின் அழுத்தமும் கூடியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ ஆறரை அங்குலம், அஃதாவது 16½ சதமமீற்றர் என்று தொழிற்சாலைகள் நிலைநிறுத்திக்கொண்டன. அந்த அளவே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

அரைச் சதமமீற்றர் வேறுபாடு பெரிதா என்று ஒருவர் கேட்கக்கூடும். மேலைநாட்டு இசையின் இயல்பை நோக்கினால் விடை விளங்கும். நம்முடைய இசையிலே சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கை ஒரு சுரத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல நேரமுண்டு. மேலை இசையிலோ பல சுரங்கள் ஒரே கணத்தில் ஒலித்து ஒரு பொருத்தத்தை உண்டாக்குகின்றன. பெருவிரல் கீழ்ச் சட்சத்திலும் சிறுவிரல் மேற் சட்சத்திலும் நிற்க, இடையிலுள்ள விரல்கள் வேறு சுரங்களைத் தொடவேண்டும். ஒரு ஸ்தாயிக்கு 16½ சதமமீற்றர் விரிவு போதும். அதற்கும் மேலே சென்று பத்தாவது வெள்ளைக் கட்டையைத் தொடவேண்டுமாயின் 21 சதமமீற்றர் வேண்டும். பன்னிரண்டாவது கட்டைக்கு ஏறத்தாழ 26 சதமமீற்றர்.

மேசையின்மேல் விரித்த சாணை ஓர் அடிமட்டத்தால் அளந்து பார்ப்பவர்க்கு இதன் கடுமை புலனாகும். அவுஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் பியானோ வாசிப்போர் நானூற்றுக்கு மேற்பட்டாரின் கைவிரிவை அளந்து 2015 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆண்களின் சராசரிச் சாண் ஏறத்தாழ 22½ சதமமீற்றர். பெண்களினது ஏறத்தாழ 20 சதமமீற்றர். வேறுபாடு ஓர் அங்குலம். ஆகவே பத்தாம் கட்டை என்பது சராசரி ஆணுக்கு எட்டும். சராசரிப் பெண்ணுக்கு எட்டாது. வளரும் பிள்ளைகளின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. கட்டையின் அகலத்தை வகுத்தவர்கள் எவரையும் விலக்கவேண்டுமென்று எண்ணியிரார். ஆயினும் அந்த அகலம் ஒரு வாயிற்காவலனைப் போல நின்று சிலரை உள்ளே விட்டுச் சிலரைத் தடுத்தது.

தடுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் கருவியைக் குறை கூறவில்லை. தம் கையையே குறை கூறினர். கையைத் திருத்துவதற்குக் கருவிகள் செய்தனர். யோகான் பேண்காட் லோஜியர் என்னும் இசையாசிரியர் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து 1814 ஆம் ஆண்டில் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். மணிக்கட்டைச் சட்டங்களுக்கிடையே நிறுத்தி, ஒவ்வொரு விரலையும் தனித்தனிப் பிளவினுள் அடக்கி, பிள்ளையின் கை ஒரே நிலையிற் பழகுமாறு செய்தது அது. இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் பல பள்ளிகள் அதனை ஏற்றன. பின்னர் விரலை இழுக்கவும் தூக்கவும் வேறு பல பொறிகளும் வந்தன.

ஜேர்மானிய இசைமேதை ரொபேட் ஷூமன் இளமையிற் பியானோ வாசிப்பாளராக விளங்கவே விரும்பினார். விரலின் வன்மையைப் பெருக்குவதற்கு அவரும் ஒரு பொறியைப் பயன்படுத்தினார். 1832 ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கை விரல் பயனிழந்தது. மேடையில் வாசிக்கும் கனவும் முடிந்தது. கேட்டுக்குக் காரணம் அப்பொறியே என்று சிலரும், நரம்பு நோய் என்று சிலரும், மருந்தின் தீமை என்று வேறு சிலரும் வாதிக்கின்றனர். காரணம் எதுவாயினும், கருவிக்கேற்பக் கையை வளைக்க முனைந்த ஒரு காலத்தின் சான்றாக அந்த விரல் வரலாற்றில் நிற்கின்றது. அவர் பின்னர் இயற்றுநராகி அழியாப் புகழ் பெற்றார். 1840 ஆம் ஆண்டில் அவரை மணந்த கிளாரா, தம் கணவரின் ஆக்கங்களை ஐரோப்பிய மேடைகளில் வாசித்து நிலைநாட்டினார்.

அக்காலத்திலேயே மாற்றுக் கருத்துடைய ஒருவரும் இருந்தார். போலந்து நாட்டிற் பிறந்து பாரிஸ் நகரில் வாழ்ந்த ஷோப்பேன் ஒரு பேராசானும் ஆவார். எல்லா விரல்களையும் சமவலிமை உடையனவாக்க முயல்வது இயற்கைக்கு மாறு என்பது அவருடைய கொள்கை. ஒவ்வொரு விரலுக்கும் அதனதன் அமைப்புக்கேற்ற ஒலியுண்டு என்று கருதினார். தம் மாணவரைப் பெருவிரலும் சிறுவிரலும் வெள்ளைக் கட்டைமீதும், நீண்ட மூன்று விரல்களும் கறுப்புக் கட்டைமீதும் அமருமாறு கைவைக்கச் செய்தே பாடம் தொடங்குவார். கறுப்புக் கட்டைகள் உயர்ந்தும் உள்ளடங்கியும் இருப்பதால் நீண்ட விரல்கள் அங்கே மடங்காது இயல்பாகத் தங்கும். நம் நாட்டுக் காட்டு மரத்தின் இனமான கருங்காலித் துண்டுகள் மனிதக் கைக்கு மிகவும் இசைந்து உதவியது அந்த நிலையிலேதான் என்று சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பெருங்கையர் ஒருவர் மேடையேறினார். அவர் ருசிய நாட்டு ரக்மானினோவ் (1873–1943). ஒரே கையால் பன்னிரண்டாம் கட்டை வரை எட்டும் ஆற்றல் அவருக்கு இருந்ததென்பர். 1901 ஆம் ஆண்டில் முழுமையாக அரங்கேறிய அவருடைய இரண்டாம் பியானோக் கொன்சேட்டோவின் தொடக்கத்திலேயே பத்துக் கட்டை அகன்ற பொருத்தங்கள் அடுத்தடுத்து வருகின்றன. எழுதியவருடைய கைக்கு அவை எளியவை. பிறருள் பலரால் அவற்றை ஒரே கணத்தில் ஒலிக்க இயலாது. கீழ்ச் சுரத்தை முதலில் தொட்டு, மிதிகட்டையை அழுத்தி அதன் ஒலியை நிறுத்திவைத்து, மேற்சுரங்களுக்குக் கையை உருட்டிச் செல்கின்றனர். சிலர் ஒரு சுரத்தை விட்டுவிடுவர். சிலர் மற்றைக் கையின் துணையை நாடுவர். இவையெல்லாம் சிறுகையர் கண்ட வழிகள். குறை தெரியாமல் வாசிப்பதே ஒரு தனிக்கலையாயிற்று.

அதே ரக்மானினோவ் 1909 ஆம் ஆண்டில் தமது மூன்றாம் கொன்சேட்டோவை ஜோசப் ஹொப்மன் என்னும் பெருங்கலைஞர்க்குக் காணிக்கையாக்கினார். உலகம் போற்றிய வாசிப்பாளராகிய ஹொப்மன் அதனை மேடையில் ஒருபோதும் வாசிக்கவில்லை. அவருடைய கை சிறியது. ஆனால் அவர் வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்டைன்வே தொழிற்சாலை, அவருடைய கைக்கேற்பக் கட்டைகளைச் சற்றே குறுக்கிச் சிறப்பாகப் பியானோக்களைச் செய்துகொடுத்தது. அக்கருவிகளில் அவர் வாசித்த இசையைக் கேட்டோர், கட்டை குறுகியதால் இசை குறைந்தது என்று சொல்லவில்லை.

இச்செய்தியை ஊன்றி நோக்கவேண்டும். கட்டையின் அகலம் மாற்ற முடியாத விதியன்று. தச்சன் நினைத்தால் மாற்றலாம். கேட்டவர் உலகப் புகழுடையவராயின் மாற்றினார்கள். கேட்டவர் பெயரறியாத ஒரு மாணவியாயின் மாற்றவில்லை. கலையின் இலக்கணம் என்று எண்ணப்பட்டதில் ஒரு பகுதி சந்தையின் வழக்கமே.

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரத்து அலீசியா டி லறோச்சா (1923–2009) ஐந்தடிக்கும் குறைந்த உயரமும் சிறிய கைகளும் உடைய பெண்மணி. அவர் ரக்மானினோவின் அந்த மூன்றாம் கொன்சேட்டோவையே ஒலிப்பதிவு செய்து தந்தார். இதனைக் காட்டி, மனமுண்டாயின் சிறுகையும் எட்டும் என்று கூறுவாருண்டு. அக்கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் ஆயிரத்தில் ஒருவர் மலையேறியதைக் காட்டி, ஏனைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேருக்குப் படிக்கட்டு வேண்டாம் என்று சொல்வது நீதியாகாது. எட்டாததை எட்டுவதற்கு நாள்தோறும் விரலை இழுத்துப் பழகியதால் மணிக்கட்டு நோவுற்றும் தசைநார் வீங்கியும் இசையைக் கைவிட்டவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

படிக்கட்டு அமைக்க முயன்றவர்களும் உண்டு. அங்கேரிய நாட்டினரான போல் வொன் யாங்கோ 1882 ஆம் ஆண்டில் ஒரு புதிய கட்டை அமைப்பை உருவாக்கினார். கட்டைகளைப் படிப்படியாகப் பல வரிசைகளில் அடுக்கியதால் ஒரு ஸ்தாயி ஏறத்தாழ ஐந்து அங்குலத்துள் அடங்கிற்று. சிறுகையும் பெருங்கையும் அங்கே சமம். ஆனால் பழைய முறையிற் கற்றவர் யாவரும் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆசிரியர் கற்பிக்க முன்வரவில்லை, தொழிற்சாலைகளும் தயங்கின. நல்ல கருத்தாயினும், கற்றவரின் உழைப்பை வீணாக்கும் சீர்திருத்தம் நிலைபெறுவது அரிது என்பதற்கு அது சான்றாயிற்று.

அதன்பின் நூறாண்டு கழிந்து எளியதொரு வழி பிறந்தது. கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிறிஸ்தோபர் டொனிசன் சிறிய கையுடையவர். அவரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தொழிலதிபர் டேவிட் ஸ்டைன்பூலரும் 1991 ஆம் ஆண்டில் சந்தித்து ஒருங்கே பணிசெய்யத் தொடங்கினர். அவர்கள் கட்டையின் வரிசையை மாற்றவில்லை. அகலத்தை மட்டும் குறைத்தனர். ஆறரை அங்குல ஸ்தாயிக்குப் பக்கத்தில் ஆறு அங்குலம், ஐந்தரை அங்குலம் என வேறு இரண்டு அளவுகளை வகுத்தனர். பழைய பியானோவின் கட்டைப் பலகையைக் கழற்றிவிட்டு அவ்விடத்திற் குறுகிய பலகையைப் பொருத்தலாம். தந்தியும் சுத்தியலும் ஒலியும் முன்போலவே இருக்கும். ஐந்தரை அங்குல அளவிலே பத்தாம் கட்டையை எட்டுவதற்கு 18 சதமமீற்றர் போதும். 20 சதமமீற்றர்ச் சாணுடைய பெண்ணுக்கு அது எளிது. வாசிக்கப் பழகிய விரல் அந்தப் புதிய அளவுக்கு விரைவில் இணங்கிவிடுகின்றது.

வயலின் கற்பிப்போர் இவ்வுண்மையை என்றோ அறிந்தனர். முழு அளவு, முக்கால், அரை, கால் என வயலின் பல அளவுகளில் விற்கப்படுகின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) நம் இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடி. அவர்க்குப்பின் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் சிறு வயலினிற் கற்றுப் பெரு வயலினுக்கு மாறினர். பிள்ளைக்குப் பெரிய செருப்பை வாங்கிக் கொடுத்துக் காலை நீட்டிக்கொள் என்று எவரும் சொல்வதில்லையன்றோ.

தமிழிசையில் இதே சிக்கல் மற்றொரு வடிவில் எழுந்தது. அதன் களம் நாகசுரம். பழைய நாகசுரம் திமிரி எனப்படும் குறுங்குழல். அது நான்கு, நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் உரத்து ஒலிக்கும். வீதியுலாவிலே நெடுந்தொலைவுக்குக் கேட்கும். கட்டை என்னும் இச்சொல்லே ஆர்மோனியத்திலிருந்து வந்தது. முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை. அடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரைக் கட்டை. அதற்கடுத்த வெள்ளை இரண்டு கட்டை. பியானோவின் தங்கையாகிய ஆர்மோனியம் தமிழர்க்கு ஒரு சுருதிக் கணக்கையே தந்துவிட்டது.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாய்ப்பாட்டிலும் தேர்ச்சி பெற்றவர். பாடகரின் குரலைப் போல ஆழ்ந்தும் குழைந்தும் நாகசுரம் ஒலிக்கவேண்டும் என்று விழைந்தார். வீதியிலே முழங்கிய கருவி சபைகளிலும் ஒலிபெருக்கி முன்னிலும் அமர்ந்து வாசிக்கப்படும் காலம் வந்திருந்தது. சுருதியை இரண்டரை, இரண்டு கட்டை வரை தாழ்த்தினார். அதற்கென நீண்ட குழலாகிய பாரி நாகசுரம் அவராலே பெருவழக்காயிற்று. திருவாவடுதுறைக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையின் கைவினைஞர்கள், சிறப்பாக ரங்கநாதன் ஆசாரி, இக்கருவியைச் செம்மைப்படுத்தினர். பழைய வீடுகளிலிருந்து கிடைத்த முதிர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் அவ்வூர் நாகசுரத்துக்கு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

சுருதி தாழ்ந்தால் குழல் நீளவேண்டும். குழல் நீண்டால் துளைகளின் இடைவெளியும் நீளும். ஐந்து கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு இறங்குவது நான்கு அரைச்சுரத் தூரம். ஒலிநூற் கணக்கின்படி நீளம் நாலில் ஒரு பங்கு கூடும். முன்னர் மூன்று அங்குலம் அகன்ற விரல்கள் இப்பொழுது மூன்றே முக்கால் அங்குலம் அகலவேண்டும். விரல் நுனியாலன்றி விரலைத் தட்டையாகப் பரப்பித் துளையை மூடுவதனாலும், பாதித் துளையை மூடியும் சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் சுரத்தை அசைப்பதனாலும் அந்தத் தூரத்தை வித்துவான்கள் கடந்தனர். இனிமைக்கு விலையாகக் கை தன் உழைப்பைச் செலுத்தியது.

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. பாரி வந்தது, திமிரி அழியவில்லை. நெடிய குழலும் குறிய குழலும் இரண்டும் பட்டறையில் உண்டு. சிறுவனொருவன் குறுங்குழலில் தொடங்கி வளர்ந்தபின் நெடுங்குழலுக்குச் செல்ல வழியுண்டு. ஆடவர் கருவி என்று எண்ணப்பட்ட நாகசுரத்தை மதுரை பொன்னுத்தாய் போன்ற பெண்மணிகள் ஏந்தினர். காலீஷாபி மஹபூப் அம்மையார் தம் கணவர் ஷேக் மஹபூப் சுபானியுடன் இணைந்து வாசித்து 2021 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவற்றுக்கெல்லாம் அடியில் தமிழிசையின் ஓர் அடிப்படைப் பண்பு உள்ளது. இங்கே பாடகர் ஒவ்வொருவரும் தத்தம் தொண்டைக்கேற்ற ஆதார சட்சத்தைத் தேர்ந்துகொள்கின்றனர். ஆண் பாடகர் ஒரு கட்டையிலோ ஒன்றரைக் கட்டையிலோ பாடுவார். பெண் பாடகர் ஐந்து கட்டையிலோ ஐந்தரைக் கட்டையிலோ பாடுவார். அதனால் ஒருவரின் தோடி உயர்ந்ததும் மற்றவரின் தோடி தாழ்ந்ததும் ஆவதில்லை. சுருதி எதுவாயினும் இராகம் ஒன்றே. தொண்டைக்கு நாம் அளித்த இந்த நீதியைக் கைக்கும் அளிக்கவேண்டும் என்பதே பியானோவின் முந்நூறாண்டு வரலாறு கற்பிக்கும் பாடம்.

இனி மீண்டும் கொட்டியாரக் கரைக்கு வருவோம். சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டுப் போரிலே ஊரை விட்டகன்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் மனைகளிலும் வாழ்ந்தபின் மீளக் குடியேறினர். வீடு கட்டவும் கிணறு தூர்வாரவும் வேண்டியிருந்த நாட்களிலும் பத்திரகாளி அம்மன் கோயில் அவர்களுக்கு ஊரின் நடுவாகவே இருந்தது. இத்தகைய ஊர்களின் பள்ளிகளிலே சங்கீதமும் வாத்தியமும் கற்கும் பிள்ளைகளுக்குப் புதுக்கருவி எளிதிற் கிடைப்பதில்லை. கிடைத்த ஒன்றையே பலரும் மாறிமாறிப் பழகுவர். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் விரல் ஒரு கட்டையையோ துளையையோ எட்டாதபோது, இவளுக்கு இசை வராது என்னும் சொல் பெரியவர்களின் நாவில் எளிதாக வந்துவிடும். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை கருவியைக் கீழே வைத்துவிடும். பின்னர் எடுப்பது அரிது.

அந்தச் சொல்லைச் சொல்லுமுன் ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அடிமட்டத்தை எடுத்துப் பிள்ளையின் சாணையும் கருவியின் இடைவெளியையும் அளந்து பார்க்கலாம். காது கேட்கின்றதா, தாளம் நிற்கின்றதா, மனம் நாடுகின்றதா என்பவை பிள்ளையைப் பற்றிய கேள்விகள். விரல் எட்டுகின்றதா என்பது பெரும்பாலும் கருவியைப் பற்றிய கேள்வி. எட்டாவிடின் சிறிய வயலின் உண்டு, குறுங்குழல் உண்டு, குறுகிய கட்டையுடைய மின்னிசைக் கருவிகளும் கடைகளில் உண்டு. இவை எதுவும் கிட்டாதபோதும், அகன்ற பொருத்தத்தை இரு கைக்கும் பகிர்ந்துகொடுப்பதும் ஒரு சுரத்தை விட்டு வாசிப்பதும் பேராசான்களே கைக்கொண்ட வழிகள். நோவு உண்டாகும் வரை விரலை இழுத்தல் மட்டும் ஆகாது.

காட்டிலிருந்த கருங்காலி எந்த அளவுக்கும் அறுபட இசைந்தது. அதனை ஆறரை அங்குலக் கணக்குக்கு அறுத்தவன் மனிதன். ஐந்தரை அங்குலக் கணக்குக்கு அறுப்பவனும் அவனே. எண்சாண் உடம்பை அவரவர் கையாலே அளந்த முன்னோரின் வழிவந்தவர்கள், பிள்ளையின் இசையையும் அதன் கையாலேயே அளந்து பார்ப்பார்களாக.